யாருடைய வற்புறுத்தலும் இன்றி

உயில் எழுதினால் ஆயுள் குறையும் என்பது பரவலான நம்பிக்கை. இது பிழை. உயில் எழுதியவர்களில் இறக்காமல் தப்பியவர் எவரும் இல்லை என்பது மெய்தான். எழுதாதவர்களிலும் அப்படி ஒருவர் இல்லை என்பதை மட்டும் யாரும் சேர்த்துச் சொல்வதில்லை.

அச்சகத்தில் நாற்பது ஆண்டு பிழை திருத்திய பொன்னம்பலத்துக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அவருடைய சிக்கல் வேறு. திங்கட்கிழமை அவருக்கு இதய அறுவைச் சிகிச்சை. வியாழக்கிழமை காலை, கையெழுத்திடாத உயிலோடு தன் குரு அமிர்தவல்லி அம்மையைப் பார்க்க வந்தார். குரு அவரைவிடப் பதினோரு வயது இளையவர். உபதேசம் பெற்ற அன்றே, அந்த மந்திரத்தில் ஒற்று மிகாதா என்று அவரிடம் கேட்ட சீடர் இவர்.

விவரத்தைச் சொன்னார். வீடு மகளுக்கு. அதை விட்டால் அவளுக்கு வேறு இடம் இல்லை. மகனோ விற்றுப் பங்கு பிரிக்க வேண்டும் என்கிறான். காகிதம் இல்லாமல் தான் போய்விட்டால் அவன் சொல்வதுதான் நடக்கும். பத்திர எழுத்தர் எல்லாவற்றையும் சரியாக எழுதிவிட்டார், ஒரு வரியைத் தவிர.

“எந்த வரி?”

“‘யாருடைய வற்புறுத்தலும் இன்றி எழுதி வைக்கும் உயில்.’ இது பொய், அம்மா.”

“வற்புறுத்தியது யார்?”

“வடிவு.”

வடிவு அவர் மனைவி. நுரையீரல் நோயில் பதினான்கு மாதம் கிடந்து, தை மாதம் போய்ச் சேர்ந்தவர். தனக்குக் கடைசியில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்பதைப் படுத்த வாரமே எழுதிக் கையெழுத்திட்டுவிட்டார். பிறகு தினமும் மாத்திரை விழுங்கியதும் கணவரைக் கேட்பார், நீங்க எழுதிட்டீங்களா என்று. இவர் பேச்சை மாற்றுவார். செத்தவங்க வற்புறுத்தினா சட்டத்துல செல்லாது சார் என்று பத்திர எழுத்தர் சொன்னாராம். இவருக்கு அது போதவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து நீட்டினார். குரல் போன பிறகு வடிவு எழுதிக் காட்டியது. ‘எழுதிட்டிங்களா’ என்று இருந்தது. சிவப்பு மையில் யாரோ ‘டி’யை ‘டீ’ ஆக்கியிருந்தார்கள்.

குரு நிமிர்ந்து பார்த்தார்.

“நான்தான்,” என்றார் பொன்னம்பலம். “திருத்தித் திருப்பிக் கொடுத்தேன். சிரித்தாள்.”

“கேள்விக்குப் பதில்?”

“கொடுக்கவில்லை.”

“ஏன்?”

பொன்னம்பலம் உயிலில் மகளின் பெயர் இருந்த இடத்தில் விரல் வைத்தார்.

“வீடு மகளுக்கு என்று எழுதினால், வடிவு இருக்க மாட்டாள் என்று நானே கையெழுத்துப் போட்டதாகிவிடும். வடிவுக்கு என்று எழுதிக் காட்டியிருந்தால் அவளே நம்பியிருக்க மாட்டாள்.”

குரு சீட்டை மடித்தார். மடித்த இடத்தை நகத்தால் ஒருமுறை நீவி, அவர் கையில் கொடுத்தார்.

“அவர் வற்புறுத்தியபோது எழுதினீர்களா?”

“ஒரு நாள்கூட இல்லை.”

“இன்று காலை உங்கள் மாத்திரையைப் போட்டீர்களே, அப்போது யாராவது கேட்டார்களா?”

பொன்னம்பலம் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“போன வருஷம் அந்த வரி பொய்யாக இருந்திருக்கும்,” என்றார் குரு. “அதையும் அவரே திருத்திவிட்டுப் போயிருக்கிறார்.”

மறுநாள் சார்பதிவாளர் அலுவலகத்தில் உயிலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ‘யாருடைய’ என்ற சொல்லுக்கு முன்னால் சிவப்பு மையில் ‘இப்போது’ என்று ஒரு சொல் நுழைந்திருந்தது. இடையில் சேர்த்த சொல்லுக்குப் பக்கத்தில் கையெழுத்து வேண்டுமாம். பொன்னம்பலம் போட்டார்.