ஏரிக்குப் போர்த்திய பொன்னாடை

முன்னொரு காலத்தில் செங்கழுநீர்ப்பட்டணம் என்ற நகரத்தைப் பூபாலசிங்கர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான். ஆனால் யாருக்காவது பொன்னாடை போர்த்தாவிட்டால் அவருக்கு அன்று சோறு இறங்காது. மாமனார் ஒரு வாரம் தும்மாமல் இருந்தார் என்று அதற்கும் ஒன்று போர்த்தியவர். அவரைக் கேலி செய்ய எனக்கு யோக்கியதை இல்லை. என் வீட்டிலும் இரண்டு பொன்னாடைகள் இருக்கின்றன. ஒன்றை நானே வாங்கிக் கொடுத்து எனக்குப் போர்த்தச் சொன்னேன். மற்றது பக்கத்து நாற்காலிக்காரருக்கு வந்தது. நான் சற்று முந்திக் கழுத்தை நீட்டிவிட்டேன்.

ஓர் ஐப்பசியில் ராஜாவுக்கு நல்ல யோசனை ஒன்று உதித்தது. "அரண்மனைக்குள்ளேயே போர்த்திப் போர்த்தி அலுத்துவிட்டது. இந்த ஊரைத் தாங்கும் ஜனங்களுக்கு மரியாதை செய்யப் போகிறேன்" என்றார்.

மந்திரி ஆதிரையானுக்கு மகிழ்ச்சி. பொக்கிஷ அதிகாரி சிகாமணிக்கு வயிறு எரிந்தது. 'நகரத் தூண்' என்ற பட்டத்தைச் சரிகையில் நெய்த ஆடை ஒன்றைத் தனக்காக அவர் முன்பே தயார் செய்து வைத்திருந்தார். அதைக் கண்டவனுக்கும் கொடுப்பதா?

"மகாராஜா, ஊருக்கு உழைத்தவர்களை நாம் எங்கே போய்த் தேடுவது? தண்டோரா போடுவோம். வெள்ளிக்கிழமை அவர்களே சபைக்கு வந்து சொல்லட்டும். வராதவர்கள் ராஜ கட்டளையை மீறியவர்கள்" என்றார். ராஜாவும் சரி என்றுவிட்டார்.

வெள்ளிக்கிழமை மழை கொட்டியது. சபையில் எள் விழ இடமில்லை. வீதியில் வந்த காளைக்கு வழிவிட்டு ஒதுங்கியதாக ஒருவர் சொன்னார். தன் மாமியாரை ஊரை விட்டே அனுப்பியதாக இன்னொருவர் சொன்னார். என் முப்பாட்டனாரும் அந்தக் கூட்டத்தில் இருந்தாராம். அவர் செய்த சேவை, கவிதை எழுதியும் யாருக்கும் வாசித்துக் காட்டாதது. எங்கள் வம்சத்தில் அப்படியொரு தியாகம் அதற்குப் பிறகு நடக்கவில்லை.

சிகாமணி மெல்ல ராஜாவிடம் குனிந்தார். "கரைக்கூட்டத்தார் மட்டும் வரவில்லை, மகாராஜா."

கரைக்கூட்டம் என்பது குயவர் தெரு, வலைஞர் தெரு, சுமைகாரர் தெரு ஆட்கள் சேர்ந்த கூட்டம். மழைக்காலத்தில் ஏரிக்கரையைக் காப்பது அவர்கள்தான். ஆப்பக்கடை வள்ளிக்கொடிதான் தலைவி.

ராஜாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "என் மரியாதை வேண்டாதவர்களுக்கு என் ஊரும் வேண்டாம். பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு வெளியேறட்டும்."

ஆதிரையானுக்குப் பகீரென்றது. மூன்று தெரு ஜனம் நடுமழையில் எங்கே போகும்? ஆனால் ராஜா முருங்கை மரம் ஏறிவிட்டால், எதிர்த்துப் பேசப் பேச இன்னொரு கிளை மேலே போவார். ஆகவே கை கட்டிச் சொன்னார்: "சரியான தீர்ப்பு. ஆனால் அதைத் தாங்களே நேரில் சொன்னால்தான் கம்பீரம். விழாவையும் ஏரிக்கரையிலேயே வைத்துக்கொள்வோம். எதை இழந்தோம் என்று அவர்கள் பார்த்துக்கொண்டே போகட்டும்."

ஊர்வலம் என்றால் ராஜாவுக்கு உயிர். பல்லக்கு, குடை, மேளம், பொன்னாடை மூட்டைகள், சபைக் கூட்டம் என எல்லாம் கிளம்பின.

கரையில் ஓர் உடைப்பு கண்டிருந்தது. ஆணும் பெண்ணும் இடுப்பளவு நீரில் வரிசையாக நின்று மண்கூடைகளைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். மேளம் கேட்டும் ஒருவரும் திரும்பவில்லை. சிகாமணி தொண்டையைச் செருமித் தண்டனையை அறிவித்தார்.

வள்ளிக்கொடி கூடையை வாங்கிக்கொண்டே சொன்னாள்: "போறோம் சாமி. இந்த உடைப்பை அடைச்சுட்டுப் போறோம். விட்டுட்டுப் போனா எங்களுக்கு முந்தி ஊர் போயிடும்."

ராஜா அப்போதுதான் உடைப்பைப் பார்த்தார். "தண்ணீர் முதலில் எங்கே பாயும்?"

"அரண்மனைக்குத்தான் மகாராசா. ஏரிக்காத்து வேணும்னு பள்ளத்துல கட்டிக்கிட்டீங்களே."

"தண்டோரா கேட்கவில்லையா?"

"கேட்டுச்சு. கையில மண்ணு இருந்துச்சு."

ஆதிரையான் முன்னால் வந்தார். "மகாராஜா, மரியாதையை இரண்டு கையாலும் வாங்குவது நம் வழக்கம். இவர்களுக்குக் கை ஒழியவில்லை. கை ஒழிந்தவர்கள் எல்லாரும் நம்மோடு வந்திருக்கிறார்கள். யாருக்குப் போர்த்தலாம்?"

ராஜா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மோதிரம் போட்ட தம் கைகளைப் பார்த்தார். வெட்கமாக இருந்தது. சிரிப்பும் வந்தது. "ஆதிரையா, இங்கே எல்லாரையும்விடச் சும்மா இருப்பது என் கைகள்தான்" என்று கிரீடத்தைக் கழற்றிப் பல்லக்கில் வைத்துவிட்டு இறங்கினார். இறங்கியதும் வழுக்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். ராஜா விழுந்தபின் சபை நிற்க முடியுமா? எல்லாரும் இறங்கினார்கள்.

"மண்ணு கரையுது. மூட்டை கட்டக் கெட்டித் துணி வேணும்" என்றாள் வள்ளிக்கொடி.

"பொன்னாடை மூட்டைகளைப் பிரியுங்கள்" என்றார் ராஜா. சரிகை கனத்த சிகாமணியின் ஆடைதான் முதலில் சிக்கியது.

"மகாராஜா, அது நகரத் தூண் பட்டம்..."

"தூண்தானே? தாங்கட்டும்."

பொழுது சாயும்போது உடைப்பு அடைபட்டது. கரைக்கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: அதிகம் விழுந்து எழுந்தவருக்குத்தான் முதல் கஞ்சி. அன்று போட்டியே இல்லை. சேறு வழிய நின்று கலயத்தை வாங்கிய ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "இவ்வளவு காலம் மரியாதை கொடுத்தே பழகிவிட்டேன். வாங்குவது இதுதான் முதல் தடவை" என்றார். பிறகு தயங்கித் தயங்கி, "வள்ளிக்கொடி, உங்களைப் போகச் சொன்னேன். இருங்கள் என்று கேட்டால் இருப்பீர்களா?" என்றார்.

"போறதுக்கு எங்களுக்கு ஏது மகாராசா நேரம்?" என்றாள் அவள்.

ராஜா மந்திரியிடம் திரும்பினார். "என்னை ஏமாற்றித்தானே கூட்டி வந்தீர்?"

"ஆமாம் மகாராஜா. மந்திரி உத்தியோகமே அதுதானே?"

ராஜா சிரித்துத் தம் முத்துமாலையைக் கழற்றி அவர் கழுத்தில் போட்டார். சிகாமணி பல்லக்கின் பின்னால் நழுவப் பார்த்தார். ராஜா விடவில்லை. "உம்முடைய பொன்னாடை இங்கே இருக்கும்போது நீர் எங்கே போகிறீர்? மழைக்காலம் முடியும்வரை அதன் பக்கத்திலேயே இரும். சும்மா இருக்க வேண்டாம், ஒரு கூடை தருவார்கள்."

அந்த வருஷம் செங்கழுநீர்ப்பட்டணத்தில் ஏரி உடையவில்லை. சிகாமணியின் இடுப்புதான் உடைந்தது.