கவுன்சிலர் கேட்ட ஜன்னல்

கவுன்சிலர் சிங்காரவடிவேலு வீட்டுக்கு நேரெதிரே, இட்லிக்கடை பூங்காவனம் சொந்தமாக வீடு கட்டினாள். ஜன்னல் வைக்கும் நேரத்தில் அவர் ஆட்களோடு வந்து நின்றார்.

"நான் காலையில பால்கனிக்கு வந்தா, உன் ஜன்னல்ல என் கட்சி நிறம்தான் தெரியணும். இல்லேன்னா தண்ணி கனெக்‌ஷன் கிடையாது."

"ஆகட்டும் தலைவரே" என்றவள், அலுமினிய ஜன்னலில் முகம் பார்க்கிற மாதிரி பளபளக்கும் கண்ணாடியைப் போட்டாள்.

"நிறம் எங்கேம்மா?" என்றார், மறுபடி ஆட்களோடு வந்தவர்.

"நல்லா பாருங்க. உங்க மாடியில பறக்கிற கொடி அப்படியே தெரியுதே. பெயிண்ட் அடிச்சா, நீங்க கட்சி மாறும்போதெல்லாம் நான்ல சுரண்டணும்?"

கூட வந்தவர்களே சிரித்துவிட்டார்கள். கேட்ட நிறம் தெரிந்ததால் தண்ணீர் கனெக்‌ஷனும் வந்தது.

தேர்தலுக்கு முன்னால் கொடியும் மாறியது. பூங்காவனம் கண்ணாடியைத் துடைத்ததோடு சரி.