ஊட்டிக்குப் போன புடலங்காய்

எங்க லேஅவுட் துடியலூர் தாண்டி மெயின் ரோட்டை ஒட்டி இருக்குது. பார்க்குக்குன்னு விட்ட இடம் ரொம்ப நாளா முள்ளு மொளச்சுக் கெடந்துச்சு. நலச் சங்கத்துக்காரங்க அதைச் சுத்தம் பண்ணி, சின்னச் சின்னப் பாத்தியாப் பிரிச்சு, காய்கறி போட்டுக்கங்கன்னு வீட்டுக்கு ஒண்ணு குடுத்தாங்க. எல்லா வீட்டுக்கும் பத்தல. கெடைக்காதவங்க வரிசையில காத்திருந்தாங்க.

அதுக்கப்புறம் நாங்க ஆளே மாறிட்டோம். விடிஞ்சதும் ஆளுக்கொரு பூவாளியோட பாத்திக்குப் போயிருவோம். போனா எடுத்ததும் தண்ணி ஊத்த மாட்டோம். நேத்து விட்ட பிஞ்சு இன்னைக்கு எவ்வளவு வந்திருக்குதுன்னு குத்த வெச்சுப் பாப்போம். ஒத்தத் தக்காளி பழுத்துட்டாப் போதும், அதை முன்னால, பின்னால, பக்கவாட்டுல போட்டோ புடிச்சு வாட்ஸப் குரூப்புல போட்டுருவோம். பொண்ணு பாக்கறதுக்குக் குடுக்கற போட்டோகூட அவ்வளவு இருக்காது. வெண்டைக்காய் ஒரேடியாக் காய்க்கிற மாசத்துல, பக்கத்து வீட்டு கேட்டுல ஒரு பையை மாட்டிட்டு, பெல் அடிக்காம ஓடி வந்துருவோம். திரும்பி வீட்டுக்கு வந்தா நம்ம கேட்டுல ரெண்டு பை தொங்கும். அதுலயும் வெண்டைக்காய்தான்.

நான் டைலர். என் பாத்திக்கு அடுத்த பாத்தி ஆறுச்சாமி அண்ணனோடது. அவர் பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டையரானவர். ஆயுசு பூராவும் நெரிசலான பஸ்ஸுல கத்திப் பேசிப் பழகின தொண்டை. வீட்டுல மகனும் மருமகளும் வேலைக்குப் போயிட்டா, அவர் பேச்சைக் கேக்கறதுக்கு ஃபேன் மட்டுந்தான். அதனால காத்தால எல்லாருக்கும் முன்னால வந்து, பக்கெட்டைக் கவுத்துப் போட்டு உக்காந்துக்குவார். உங்க கத்திரிக்காய் பரவால்லைம்பார், ஆனா நான் ஒரு தடவை போட்ட கத்திரிக்காய்க்கு நெழலுல பாரம் ஏத்துன ஒரு லாரியையே நிறுத்தி வெச்சிருந்தாங்கம்பார். எல்லாரும் சிரிச்சுட்டே களை புடுங்குவோம். பேச்சு சுவாரசியத்துல, அவர் பாத்தியில என்ன இருக்குதுன்னு யாரும் திரும்பிப் பாத்ததில்ல.

ஒரு ஞாயித்துக்கிழமை பாத்துட்டாங்க.

சங்கத்துச் செயலாளர் ஹேமலதா டீச்சர், மின்வாரியத்துல இஞ்சினியரா இருந்த வில்சன் சார், ரெண்டு பேரும் ஒவ்வொரு பாத்தியாப் பாத்துட்டு வந்தாங்க. கூடவே ஜமீலான்னு ஒரு அம்மா. மேட்டுப்பாளையத்துக்காரங்க, புதுசா மாடி வீட்டுக்குக் குடி வந்தவங்க. வரிசையில அடுத்த ஆள் அவங்கதான். எந்தப் பாத்தி சும்மா கெடக்குதோ அதை எடுத்து அவங்களுக்குக் குடுக்கறதுன்னு தீர்மானம் ஆயிருந்துச்சு.

ஆறுச்சாமி அண்ணன் பாத்தியில நாலு மூங்கில் நட்டு பந்தல் போட்டிருந்துச்சு. பந்தல் மேல வானம். பந்தலுக்குக் கீழ மண்ணு. நடுவுல ஒண்ணுமே இல்ல.

"என்னங்க இது?"ன்னாங்க டீச்சர்.

"பந்தலுங்க டீச்சர்."

"பந்தல் தெரியுது. செடி எங்க?"

அண்ணன் பக்கெட்டை விட்டு எந்திரிச்சார். பந்தல் கால்ல ஒரு கையை வெச்சுக்கிட்டார். இந்தப் பாத்தி போச்சுன்னா காத்தால எங்க போவாரு மனுசன்? ஆனா வாயைத் தொறந்தாரு பாருங்க, கவலை எல்லாம் எங்கயோ போயிருச்சு.

"காலியா இருக்குதுன்னு நெனச்சுக்காதீங்க டீச்சர். போயிருக்குது. இந்தப் பாத்தியில இருந்ததெல்லாம் ஊட்டிக்குப் போயிருக்குது."

"ஊட்டிக்கா?"

"ஒரே ஒரு புடலை வெதைதானுங்க போட்டேன். மண்ணை மூடிட்டுக் கை கழுவப் போறேன், திரும்பி வந்தா என் செருப்பைச் சுத்தி ஒரு கொடி. சரி, தண்ணி காட்டுவோம்னு பூவாளியைச் சாச்சேன். கொடி என்ன பண்ணுச்சு தெரியுங்களா? ஊத்தற தண்ணியவே புடிச்சுக்கிட்டு மேல ஏறுது! நான் பயந்து தண்ணிய நிறுத்துனேன். பாதியில நின்னுட்டு என்னை மொறைக்குது."

வில்சன் சார் கண்ணாடியைக் கழட்டித் தொடச்சார். டீச்சர், "மேல சொல்லுங்க"ன்னாங்க. தப்புப் பண்ணின பசங்களை அந்த அம்மா அப்படித்தான் கேப்பாங்க.

"ஒரே காய்தான் புடிச்சுது. புடலைக்கு நுனியில கல்லுக் கட்டித் தொங்க விடோணும், இல்லைன்னா சுருண்டுக்கும். உங்களுக்கே தெரியும். நான் கல்லு எடுக்கத்தான் போனேன். அதுக்குள்ள காய் தரைக்கு வந்துருச்சு. வந்தது நிக்கோணுமில்ல? கேட்டைப் பாத்துப் போகுது. கேட்டைத் தாண்டி ரோட்டுக்குப் போகுது."

"ஒரு நிமிஷம்"னார் வில்சன் சார். "அவ்வளவு நீளம் வந்தா எடை என்ன ஆகும்? காம்பு தாங்குமா? அறுந்துடாது?"

"காம்புக்கும் அந்தச் சந்தேகம் வந்துச்சுங்க சார். அதனாலதான் காயைத் தரையில படுக்கச் சொல்லிருச்சு."

"நாங்களும் இதே லேஅவுட்லதான் இருக்கறோம்"னாங்க டீச்சர். "ரோட்டு வரைக்கும் ஒரு புடலங்காய் போனா எங்க கண்ணுல படாதா?"

"படாம என்னங்க டீச்சர்? எல்லாரும் பாத்தீங்க. புதுசா குடிதண்ணிப் பைப்பு போடறாங்கன்னு நெனச்சுட்டீங்க. பைப்பு வந்து எத்தனை நாளாச்சு, இன்னும் தண்ணி விடலைன்னு குரூப்புல எழுதுனதே நீங்கதான். அதைப் படிச்சுட்டு யாரோ ஒரு பெரிய மனுசன் மாலையும் மேளமுமா வந்து, காய்க்குப் பொட்டு வெச்சுத் தொறந்து வெச்சுட்டுப் போயிட்டாரு. மறுநாள் பாருங்க, காய்க்கு ரெண்டு பக்கமும் குடத்தோட வரிசை. ஒருத்தருக்கும் சொட்டுத் தண்ணி வரல. ஆனா ஒருத்தருக்கும் சந்தேகமும் வரல."

குடிதண்ணி பத்தி டீச்சர் குரூப்புல எழுதறது வாராவாரம் நடக்கறதுதான். அதனால அவங்களால இல்லைன்னும் சொல்ல முடியல. அதுக்குள்ள அக்கம்பக்கத்துப் பாத்திக்காரங்க எல்லாம் களைக்கொத்தைக் கீழ வெச்சுட்டு வந்து நின்னாங்க. கூட்டத்தைப் பாத்ததும் அண்ணனுக்குப் பழைய பஸ்ஸுக்குள்ள ஏறுன மாதிரி ஆயிருச்சு. பந்தல் காலை விட்டுட்டு ரெண்டு கையாலயும் பேச ஆரம்பிச்சார்.

"பஸ் ஸ்டாப்புல மேட்டுப்பாளையம் வண்டி வந்து நிக்குது. காய் முன் படிக்கட்டுல ஏறிருச்சு. கண்டக்டர் விசில் அடிக்கறான், எறங்க மாட்டீங்குது. டிக்கெட் போடறதா, லக்கேஜ் போடறதான்னு கண்டக்டருக்கும் டிரைவருக்கும் சண்டை. என் சர்வீஸுக்கு மரியாதை குடுத்து என்னைக் கூப்புட்டுக் கேட்டாங்க. நான் சொன்னேன், 'தம்பி, ரூலு என்ன? ஏறுன ஆளுக்குத்தான் டிக்கெட். இது இன்னும் முழுசா ஏறல. அடிப்பக்கம் எங்க லேஅவுட்ல இருக்குது. ஏறி முடியட்டும், அப்புறம் போடு'ன்னு. கடைசி வரைக்கும் அது ஏறி முடியவே இல்லீங்க!"

கூட்டம் சிரிச்சுது. வில்சன் சார் மட்டும் சிரிக்கல. "பஸ் போயிட்டே இருக்கறப்ப காய் அதே வேகத்துல வளரணுமே?"ன்னார்.

"வளந்துச்சுங்க. பெரியநாயக்கன்பாளையத்துல மட்டும் பஸ் தாமதமாயிருச்சு. காய் அதுக்காவ நிக்குமா? டிரைவர் சீட்டைத் தாண்டி, கண்ணாடி வழியா வெளிய வந்து, பஸ்ஸுக்கு முன்னால போக ஆரம்பிச்சுருச்சு. வழி நெடுக ஸ்டாப்புல நின்ன பொம்பளைங்க, கூட்டுக்கு ஆகும்னு ஆளுக்கொரு துண்டு அறுத்துக்கறாங்க. அறுத்த எடத்துல மறுபடி ஒட்டிக்குது. காரமடையில ஒரு கல்யாணம். சமையக்காரன் புடலங்காய் பொரியல், புடலங்காய் கூட்டு, புடலங்காய் பஜ்ஜின்னு எல்லாத்தையும் போட்டு முடிச்சான். பந்திக்கு வந்தவங்க உக்கார பெஞ்சு பத்தலைன்னாங்க. மீதிக் காய் மேல உக்காத்தி வெச்சுட்டான்."

"அப்பறம்?" இது நான். கேக்கக் கூடாதுதான். ஆனா கேக்காம இருக்க முடியல.

"அப்பறம் என்ன டைலரு, மேட்டுப்பாளையம் ஸ்டேஷன். மலை ரயில் கெளம்புது. அன்னைக்கு நல்ல மழை. தண்டவாளம் வழுக்கி எஞ்சின் தெணறுது. என் காய் பின்னால போயி மெதுவா முட்டுக் குடுத்துச்சு. ரயில் கெளம்பிருச்சு! கல்லாறு தாண்டி, குன்னூர் தாண்டி, ஒவ்வொரு வளைவுலயும் காய் ஒரு வளைவு வளைஞ்சு தள்ளுது. உள்ள இருந்த டூரிஸ்டுக எல்லாம், புது எஞ்சின் பச்சைக் கலருல அழகா இருக்குதுன்னு கைதட்டறாங்க. ஊட்டி வந்துருச்சு. அங்கதானுங்க வெனை."

அண்ணன் குரலை எறக்குனார். கூட்டம் ஒரு அடி முன்னால வந்துச்சு.

"குளுரு. நம்மூரு வெயில்ல வளந்த காய் அது. ஊட்டிக் குளுரு தாங்குமா? மொதல்ல நுனி நடுங்குச்சு. ஒரு புண்ணியவான் கம்பளிக் குல்லா மாட்டி விட்டான், பத்தல. ஒரே சுருளு! கல்லுக் கட்டாத காய் இல்லீங்களா? ஊட்டியில சுருட்டுனா இங்க என்ன ஆகும்? இழுக்குது. காம்பை இழுக்குது, கொடியை இழுக்குது, வேரை இழுக்குது. அந்த வேரைப் புடிச்சுட்டு என் தக்காளி, மொளகா, அவரை, அரைக்கீரை எல்லாம் சடசடன்னு போகுது. நான் வாசல்ல நின்னு கையை ஆட்டிட்டு இருக்கறேன். பந்தல் மட்டுந்தான் மிச்சம். இப்பச் சொல்லுங்க டீச்சர், இது காலிப் பாத்திங்களா? வெளியூரு போயிருக்கற பாத்தி. வெளியூரு போனவன் வீட்டை எடுத்து இன்னொருத்தருக்குக் குடுப்பீங்களா?"

யாரோ கைதட்டிட்டாங்க. வில்சன் சார் மனசுக்குள்ள எதையோ கணக்குப் போட்டு, தலையை ஆட்டி, மறுபடி போட்டார். அண்ணன் மறுபடியும் பக்கெட் மேல உக்காந்துட்டார். ஜெயிச்சுட்டார்னுதான் நானும் நெனச்சேன்.

அப்பத்தான் அதுவரைக்கும் வாயே தொறக்காம நின்ன ஜமீலா அம்மா முன்னால வந்தாங்க.

"அந்தக் காய் உங்களோடதுங்களாண்ணா?"

அண்ணன் திடுக்கிட்டுப் பாத்தார்.

"எங்கம்மா வீடு மேட்டுப்பாளையத்துல ஸ்டேஷனுக்குப் பக்கத்துலதானுங்க. எங்க தெரு வழியாத்தான் போச்சு. நானே பாத்தேன். பச்சையில வெள்ளைக் கோடு போட்டு, அவ்வளவு பெருசு."

அண்ணன் மொகத்தைப் பாக்கோணுமே! துள்ளி எந்திரிச்சார். "கேட்டீங்களா வில்சன் சார்? சாட்சி! கேட்டீங்களா டீச்சர்? அம்மிணி, நல்லாச் சத்தமாச் சொல்லுங்க."

"நாங்களும் ஒரு துண்டு அறுத்தமுங்கண்ணா. எங்கம்மா பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வெச்சாங்க."

"எப்படி இருந்துச்சு?"

"கசப்புங்கண்ணா."

அண்ணன் கை அப்படியே நின்னுருச்சு. "என்னது?"

"ஒரே கசப்பு. வாயில வெக்க முடியல. தேங்காய் அரைச்சு ஊத்திப் பாத்தாங்க, வெல்லம் போட்டுப் பாத்தாங்க, போகல. மாட்டுக்கு வெச்சோம். மாடு மோந்து பாத்துட்டு எங்களைப் பாத்துச்சு. இன்னைக்கு வரைக்கும் அந்த மாடு எங்கம்மா கையில எதையும் வாங்கித் திங்கறதில்லீங்க."

"அது வேற யாரோட காயாவது இருக்கும் அம்மிணி."

"இல்லீங்கண்ணா. மலை ரயிலைத் தள்ளிட்டுப் போச்சே, அதேதான். ரயில்ல போனவங்க கூட ஆளுக்கொரு கடி கடிச்சுட்டு ஜன்னல் வழியாத் துப்பிட்டே போனாங்க. யாரு பெத்த காயோன்னு தெருவே திட்டுச்சு. உங்களோடதுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"புடலை கசந்தா தண்ணி காட்டலைன்னு அர்த்தம்"னார் வில்சன் சார். அவருக்கு இப்பத்தான் கணக்கு சரியா வந்த மாதிரி ஒரு நிம்மதி.

"வெதையே மட்டமா இருந்திருக்கும்"னு பின்னால இருந்து ஒருத்தர். "வளக்கத் தெரியாத கையி"ன்னு இன்னொருத்தர். சிரிப்பு கெளம்பிருச்சு. என் வெண்டைக்காயிலயே புழு. நானும் சிரிச்சேன்.

அண்ணனுக்கு மொகம் செவந்து போச்சு. புளுகுன்னு சொல்லியிருந்தா ஒரு சிரிப்புல தட்டி விட்டிருப்பார். அதைக் கேட்டுக் கேட்டுப் பழக்கம். கசப்புன்னா எப்படித் தாங்குவார்? எத்தனை பஸ்ஸுல எத்தனை பேரு திட்டியிருப்பாங்க, அப்பக்கூட இப்படி ஒரு குரல்ல அவர் கத்தியிருக்க மாட்டார்.

"ஏனுங்க, உங்களுக்கெல்லாம் மனசாட்சி இல்லீங்களா? வெதையே போடலியேங்க நானு! இந்தப் பாத்தியில ஒரு நாளு மண்ணைக்கூடக் கெளறலியே! போடாத காய் எப்படிங்க கசக்கும்?"

"அதைத்தானுங்க காத்தால இருந்து கேட்டுட்டு இருக்கறோம்"னாங்க ஹேமலதா டீச்சர்.

அவ்வளவுதான். அங்கயே, அப்பவே பாத்தி கை மாறுச்சு. ஜமீலா அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் சொருகிட்டு, என்கிட்ட மண்வெட்டியைக் கடன் கேட்டு வாங்கிட்டு உள்ள எறங்குனாங்க. கூட்டம் கலைஞ்சுது. ஆறுச்சாமி அண்ணன் பக்கெட்டைக் கையில தூக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னார். கேட்டுப் பக்கம் ரெண்டு அடி வெச்சார். அந்த நடையைப் பாக்க எனக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

மொத வெட்டு மண்ணுல எறங்குன சத்தம் கேட்டுச்சு. அண்ணன் திரும்பி வந்தார். பாத்தி ஓரத்துல பக்கெட்டைக் கவுத்து, உக்காந்து, தொண்டையைச் செருமிக்கிட்டார்.

"பாத்து மெதுவா வெட்டுங்க அம்மிணி. அடியில என் முள்ளங்கி ஒண்ணு இருக்குது. அதைப் புடிச்சுட்டுத்தான் இந்த லேஅவுட்டே நிக்குது."