புள்ளி நின்ற இடம்

“மூச்சைப் பிடிங்கன்னா பிடிக்கத் தெரியணும். இந்தம்மாவுக்கு அதுகூடத் தெரியல!”

காலையிலிருந்து சிற்றம்பலம் பாடும் பல்லவி இதுதான். கதிர்வீச்சு மெஷினைப் பல வருஷமாக இயக்குகிறவர்.

உள்ளே மேசையில் படுத்திருந்தவர் ரெஜினா. ஈரலில் கட்டி. மூச்சோடு அதுவும் ஏறி இறங்கும். பக்கத்தில் பதித்த தங்கத் துணுக்கு, வெளியறைத் திரையில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். அங்கே வரைந்த கட்டத்துக்குள் புள்ளி நின்றால்தான் கதிர் பாயும்.

நின்றால்தானே? ஒவ்வொரு மூச்சுக்கும் ஒவ்வோர் இடம்.

“கட்டத்தைப் பெரிசு பண்ணிடலாம் மேடம்.”

“நல்ல ஈரலும் சேர்ந்து வேகும். பரவாயில்லையா?”

கேட்டவர் தேன்மலர், கதிரின் அளவையும் இடத்தையும் கணக்கிட்டுத் தரும், புதிதாக வந்த தலைமைப் பிசிசிஸ்ட். சீடருக்குத் தலை நரைத்திருந்தது, குருவுக்கு இல்லை. சிற்றம்பலத்துக்கு அந்த எரிச்சல் வேறு.

“அப்ப எப்படித்தான் புள்ளியைப் பிடிக்கிறதாம்?”

 தேன்மலர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார்.

“ரெஜினாம்மா, மூச்சைப் பிடிக்க வேண்டாம்.”

“அப்பாடா! கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே பிடிச்சுக்கிட்டிருக்கேன். இதுல அந்த ஆளு கத்துற கத்துல இருக்கிற மூச்சும் போயிடும்.”

சிற்றம்பலம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“படிச்சதெல்லாம் எங்கே?”

“குன்னூர் கான்வென்ட். ஹாஸ்டல் சுவரை ஒட்டிப் பேரிக்காய் மரம். ஜெபத்துல மதர் கண்ணை மூடினா நாங்க சுவர் மேல. ஃபாதர்கிட்ட தப்பைச் சொல்ற பாவசங்கீர்த்தனத்துக்கு முழங்கால் போட்டப்பவும் வாய்க்குள்ள ஒரு துண்டு... ஹும். அதெல்லாம் ஒரு காலம்.”

பெருமூச்சு இறங்கி ஓய்ந்தது. புள்ளியும் அசையாமல் நின்றது.

தேன்மலர் திரையில் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“அப்புறம்மா?”

“அப்புறமென்ன? ஸ்டெல்லான்னு ஒருத்தி. மழையில ஒரே குடையில மூணு பேர்... எங்கே இருக்காளோ. அதெல்லாம் ஒரு காலம்.”

புள்ளி மறுபடியும் விரலுக்கடியிலேயே.

சிற்றம்பலம் திரைக்கு அருகே குனிந்தார்.

மறுவாரம், மூச்சு வெளியேறி ஓய்ந்த நிலையில் புது ஸ்கேன். கட்டம் பெரிதாகவில்லை, விரல் வைத்த இடத்துக்கு நகர்ந்திருந்தது. மைக் முன்னால் சிற்றம்பலம். குரல் தணிந்திருந்தது.

ரெஜினா மறுபடி சுவரேறினார், பேரிக்காய் பறித்தார், மாட்டிக்கொண்டார். “அதெல்லாம் ஒரு காலம்.”

புள்ளி நின்றது. கதிர் பாய்ந்தது.

தன் மூச்சும் கூடவே இறங்கியிருப்பது சிற்றம்பலத்துக்கு அப்போதுதான் தெரிந்தது. மைக் பொத்தானை அழுத்தாமலே சொன்னார்:

“அந்த மரத்தடிக்கு இன்னொரு தடவை கூட்டிட்டுப் போங்கம்மா.”