வலம் மட்டும் வரும் வண்டி

மாறநல்லூர் சமஸ்தானத்தில் ஒரே ஒரு மோட்டார் இருந்த காலம் போய், இரண்டு மோட்டார் வந்த காலத்தில் நடந்தது இது. புது வண்டி வந்து இறங்கியதும் ரெங்கப்ப மகாராஜா விகடகவி ஆவுடையப்பரைக் கூப்பிட்டார்.

“ஆவுடையப்பரே, பழைய வண்டியை விற்றுவிடும். ரொக்கத்துக்குத்தான். ஆனால் அது என் அப்பா ஏறிய வண்டி. அதில் குறை இருக்கிறதென்று உம் வாயால் ஒரு வார்த்தை வரக்கூடாது.”

“உத்தரவு.”

“பொய்யும் சொல்லக்கூடாது. விற்ற பிறகு எவனும் அரண்மனை வாசலில் வந்து அழக்கூடாது.”

 வண்டியில் உண்மையிலேயே ஒரு குறை இருந்தது. அதன் ஸ்டீயரிங் வலப்பக்கம் வெண்ணெய் மாதிரி திரும்பும். இடப்பக்கம் திரும்பவே திரும்பாது. செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இந்தச் சங்கதி மகாராஜாவுக்கும் டிரைவருக்கும் ஆவுடையப்பருக்கும் மட்டும்தான் தெரியும்.

புதிதாக வந்திருந்த திவான் சிங்காரவேலருக்குத் தெரியாது. ஆவுடையப்பரைக் கண்டாலே ஆகாது அவருக்கு. “முடியாவிட்டால் சமஸ்தானத்தை விட்டே போய்விடுவாரா என்று கேளுங்கள், மகாராஜா” என்றார்.

“போய்விடுகிறேன்” என்றார் ஆவுடையப்பர். வேறு என்ன சொல்வது?

கோயிலைச் சுற்றி நான்கு ரத வீதிகள். கீழ ரத வீதியில் போலீஸ் ஸ்டேஷன். அதன் வாசலில் தெற்குப் பார்த்து வண்டியை நிறுத்தி, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார்.

முதலில் வந்தவர் பருத்தி வியாபாரி மொய்தீன் ராவுத்தர். நல்ல மனிதர். வண்டியைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

“ஐயா, பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போகணும். ரொம்ப நாள் ஆசை.”

“மலைப்பாதையில் திருப்பங்கள் எந்தப் பக்கம்?”

“ரெண்டு பக்கமும்தான்.”

“அப்படியானால் இது உங்கள் வண்டி இல்லை, ராவுத்தரே. வேறு பாருங்கள்.”

ராவுத்தர் அவரையே உற்றுப் பார்த்தார். பிறகு சலாம் வைத்துவிட்டுப் போனார். வந்த ஒரே ஆளையும் அனுப்பிவிட்ட ஆவுடையப்பர், வேறு ஊரில் வாடகை என்ன இருக்கும் என்று யோசிக்க ஆரம்பித்தார்.

சாயங்காலம் பட்டு ஜிப்பா போட்ட ஒருவன் வந்தான். கையில் பூட்டிய தோல் பை.

“விலை பேச வேண்டாம். நீங்கள் சொன்னதே விலை. ஆனால் ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பேன்.”

“கூட வருகிறேன்.”

“பக்கத்தில் ஆள் இருந்தால் எனக்குக் கை நடுங்கும். பணப்பை இதோ, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.”

பையின் கனத்தைப் பார்த்ததும் ஆவுடையப்பருக்கு விஷயம் புரிந்துவிட்டது. இத்தனை கனமாகப் பணம் வைத்திருப்பவன் விலை பேசாமல் இருக்க மாட்டான். பையை இன்ஸ்பெக்டர் மேஜையில் வைத்தார்.

“தாராளமாக ஓட்டுங்கள். வண்டி எங்கே கூட்டிப்போகிறதோ அதுவரைக்கும் போகலாம்.”

வண்டி பறந்தது. இன்ஸ்பெக்டர் பையின் பூட்டை உடைத்துப் பார்த்தார். உள்ளே ஓட்டாஞ்சில்லு.

“ஐயோ, திருடன்! சைக்கிளை எடுங்கள்!”

“வேண்டாம், இன்ஸ்பெக்டர் ஐயா. உட்காருங்கள். காபி சொல்லியிருக்கிறேன்.”

ஊரைவிட்டு வெளியேற ஒரே வழி, தெற்கு ரத வீதி முடிவில் இடப்பக்கம் திரும்பும் மதுரைச் சாலை. திருடன் அங்கே போய் இடப்பக்கம் திருப்பினான். திரும்பவில்லை. எதிரே ஜவுளிக்கடை. பயந்துபோய் வலப்பக்கம் ஒடித்தான். மேற்கு வீதி, வடக்கு வீதி, மறுபடி கீழ வீதி. போலீஸ் ஸ்டேஷன் வாசல்.

காபி வந்திருந்தது. ஆவுடையப்பர் டம்ளரை உயர்த்திக் காட்டினார். திருடன் நிற்காமல் போனான்.

அடுத்த சுற்றில் ஜனங்கள் வழிவிட்டு ஒதுங்கினார்கள். ஏதோ பெரிய வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரோ தேங்காய் உடைத்தார்கள். கோயில் நாதஸ்வரக்காரர் வாத்தியத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். சுற்றிச் சுற்றிக் கடைசியில் திருடனுக்குத் தலை சுற்றிவிட்டது. ஸ்டேஷன் வாசலில் தானாகவே நிறுத்தி, இறங்கி, தூணைப் பிடித்துக்கொண்டான்.

“ஒரு சோடா கொடுங்கள். திவான்தான் அனுப்பினார். எல்லாம் சொல்லிவிடுகிறேன்.”

இத்தனையையும் கோயில் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார் தர்மகர்த்தா அருணகிரியார். பல்லக்குத் தூக்க ஆள் கிடைக்காமல் சுவாமி புறப்பாடு நின்றுபோய் அவருக்குத் தூக்கமே இல்லை. வேகமாக வந்தார்.

“ஆவுடையப்பரே, உண்மையைச் சொல்லும். இந்த வண்டி என்றைக்காவது இடம் வருமா?”

“சத்தியமாக வராது. வலம்தான் வரும்.”

“அது போதும் எனக்கு!”

இன்ஸ்பெக்டர் முன்னிலையில் ரொக்கம் கைமாறியது. வண்டி இன்று முதல் கோயிலுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆவுடையப்பர் சாவியைக் கொடுத்தார்.

மறுநாள் சபை. திவானுக்கு விடுமுறை கிடைத்திருந்தது. அவர் கேட்காத விடுமுறை அது.

மகாராஜா ஆவுடையப்பரை நிறுத்திவைத்து விசாரித்தார். “குறை சொன்னீரா?”

“இல்லை. தர்மகர்த்தா கேட்ட உத்தரவாதத்தைக் கொடுத்தேன்.”

“சரி. ஒரு திருடன் கையில் வண்டியைக் கொடுத்துவிட்டு காபி குடித்துக்கொண்டிருந்தீராமே. உமக்குப் பயமே இல்லையா?”

“இருந்தது, மகாராஜா. எங்கே வழியில் ரிப்பேர் செய்துவிடுவானோ என்று பயந்துகொண்டேதான் குடித்தேன்.”

மகாராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டே, தம் தோளில் இருந்த சால்வையை எடுத்து ஆவுடையப்பருக்குப் போர்த்தினார்.