ஊதாத மீன்

பவளப்பாறை சூழ்ந்த தீவு ஒன்றை அந்தக் காலத்தில் ஒரு ராசா ஆண்டான். நல்லவன்தான், ஆனால் நாக்குக்கு அடிமை. கேளுங்கள்.

அந்தப் பாறையில் இரண்டு மீன்கள் உண்டு. இரண்டுக்கும் அதே கறுப்பு வரி, அதே மஞ்சள் புள்ளி. வரிமீனைத் தின்றால் ருசி. பேத்தையைத் தின்றால் சாவு. சீண்டினால் பேத்தை பந்து மாதிரி ஊதும். அதை வைத்துத்தான் அடையாளம் காண்பார்கள்.

ஒருநாள் ராசாவின் தட்டிலிருந்த மீனைப் பூனை திருடித் தின்று செத்தது. அந்த மீனைக் கொடுத்த மீன்காரன் உடையானைக் கட்டி இழுத்து வந்தார்கள்.

"எந்த மீன்னு தெரியலை, பார்த்துச் செய்யுங்கன்னு சொல்லித்தானே கொடுத்தேன்!" என்று கத்தினான் உடையான்.

"பொய். வரிமீனுன்னு சத்தியம் பண்ணினான்," என்றான் சமையல்காரன் திருமேனி.

ராசா சிரித்தான். "எந்த மீன்காரன் தன் மீனைத் தெரியாதென்பான்? இவன் பெண்டாட்டி பொழுது சாய்வதற்குள் ஒரு வரிமீன் பிடித்து வரட்டும். நான் தின்பேன். வராவிட்டால் இவன் தலை இருக்காது."

உடையானின் பெண்டாட்டி கடலாயி கடலில் மூழ்கினாள். பிடித்த மீனின் வயிற்றைச் சீண்டினாள். ஊதியது, விட்டாள். மறுபடி மூழ்கினாள். அதுவும் ஊதியது. மூன்றாம் தடவை மூச்சு முட்டியது, பவளம் கையைக் கிழித்தது. மீனைச் சீண்டினாள். ஊதவில்லை. திரும்பவும் சீண்டினாள். ஊதவில்லை. சூரியன் தண்ணீரைத் தொட்டிருந்தது. குடத்தில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

"வரிமீன்தானா?" என்றான் ராசா.

ஆமாம் என்றால் போதும். உடையானின் கழுத்தில் வாள் இருந்தது. அவன் அவள் வாயையே பார்த்தான்.

"தெரியலை ராசா," என்றாள். "ஊதலை, அவ்வளவுதான். களைச்சுப்போன பேத்தையும் ஊதாது. தின்னு நீங்க செத்தா நான் என்ன பண்ண?"



"மீன் தெரியாத மீன்காரி!" என்றான் திருமேனி. "பார்த்தாலே தெரியுதே, வரிமீன்தான்!" குடத்துக்குள் கைவிட்டு இறுக்கிப் பிடித்துத் தூக்கினான்.

அவன் கைக்குள்ளேயே அது ஊதியது. பந்து மாதிரி.

ராசா மீனைப் பார்க்கவில்லை, கடலாயியைப் பார்த்தான். கழுத்தில் வாள் இருக்கும்போதே தெரியாது என்கிற வீடு இது. அன்றைக்கு உடையானும் அப்படித்தான் சொல்லியிருப்பான்.

"அவன் கட்டை அவிழுங்க," என்றான். "அந்தக் கயிற்றைத் திருமேனிக்குப் போடுங்க."

வழியில் உடையான் முனகினான். "ஆமான்னு சொல்லியிருக்கலாம்ல? எனக்கு உசுரே போச்சு."

"போன உசுரா இப்படிப் பேசுது? நட," என்று சொல்லி, கடலாயி பேத்தையைக் கடலில் விட்டாள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், எத்தனையோ உயிர் பிழைக்கும்.