குடைக்காரர் தைத்த கூடாரம்

மஞ்சுமலை ஆசிரமத்தில் ஒரு வழக்கம் உண்டு. உச்சிச் சுனைக்குப் போகிறவர் உடுத்துவது, சுமப்பது, படுப்பது எல்லாம் அவரவர் கையால் தைத்ததாகவோ பின்னியதாகவோ இருக்க வேண்டும். சட்டை, ஸ்வெட்டர், முதுகுப் பை, கூடாரம், எதற்கும் விலக்கில்லை. கடையில் வாங்கியதை அடிவாரத்திலேயே விட்டுவிட வேண்டியதுதான். தைத்து முடித்ததும், மேலே இருக்கிற பாறையில் தன் கூடாரத்துக்குள் ஓர் இரவு தூங்கிப் பார்க்க வேண்டும். நனையாமல் எழுந்தால் சுனைக்கு வழி திறக்கும். நனைந்தால் மறுபடி ஊசியை எடு.

தாண்டவராயன் அங்கே வந்தபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. ஆயுசெல்லாம் கடைத்தெருவில் உட்கார்ந்து குடை ரிப்பேர் பார்த்தவர். மனைவியின் அஸ்தியை ஒரு சின்னக் கலயத்தில் வைத்து, வாயைத் துணியால் கட்டிக் கொண்டுவந்திருந்தார். அந்தச் சுனையை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று அந்தம்மாள் வருஷா வருஷம் கேட்டவள். மழைக்காலத்தில் குடைக்காரனுக்கு ஏது ஓய்வு? கோடையில் கையில் ஏது காசு? ஆகட்டும் பார்க்கலாம் என்றே காலம் ஓடிவிட்டது. அவளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். அஸ்தியாவது அந்தத் தண்ணீரில் கரையட்டும் என்று புறப்பட்டு வந்திருந்தார். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் காட்டாறு பெருகி வழி அடைபட்டுவிடும். பிறகு அடுத்த வருஷம்தான். அவர் வயதில் அடுத்த வருஷத்தை யார் கண்டது?

ஆசிரமத்தின் குரு அமுதவல்லியம்மை. வயதில் அவருக்கு மகளாக இருக்கலாம். ஆனாலும் அவர் "தாயே" என்றுதான் கூப்பிட்டார். அவள் "ஐயா" என்றாள்.

ஸ்வெட்டர் பின்னத்தான் அவர் திண்டாடிப்போனார். ஒரு கை குட்டையாகவும் இன்னொரு கை நீளமாகவும் வந்தது.

"இந்தக் கைக்குள்ள இன்னொருத்தரும் குடியிருக்கலாம் போலிருக்கே" என்றாள் அமுதவல்லியம்மை.

கூடாரம் என்று வந்தபோது பாருங்கள், மனுஷர் ஆளே மாறிவிட்டார். ஓட்டை என்றால் அவருக்கு ஜென்மப் பகை. கித்தான் துணியை வெட்டி, மூட்டுகளை மடித்து மடித்து இரட்டைத் தையல் போட்டார். தையல் மேல் மெழுகு தேய்த்தார். வாசல் மடிப்பையும் விடவில்லை, உள்ளிருந்து இழுத்துக் கட்ட வரிசையாக நாடா வைத்தார். எறும்பு நினைத்தாலும் உள்ளே போக முடியாது.

அன்று இரவு பாறையில் படுத்தார். மேகம் கீழிருந்து ஏறி வந்து கூடாரத்தின் மேல் உரசிக்கொண்டு போயிற்று. தூக்கத்தில் அவர் மனைவி வந்தாள். கூடாரத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தாள். கித்தானைக் கையால் தடவித் தடவி வாசலைத் தேடினாள். அவளுடைய வளையல் சத்தம் ஒரு பக்கம் கேட்கும், திரும்பினால் மறுபக்கம் கேட்கும். எழுந்து நாடாவை அவிழ்க்கலாம் என்றால் கை வரவில்லை.

விடிந்து பார்த்தால் ஸ்வெட்டர் ஈரம், போர்வை ஈரம், தலைமயிர்கூட ஈரம்.

எங்கேயோ ஊசித்துளை விட்டுப்போச்சு என்று முடிவுகட்டினார். பகலெல்லாம் உட்கார்ந்து இன்னொரு பூச்சு மெழுகு ஏற்றினார். இரவு படுத்தார். அவள் வந்தாள், சுற்றினாள், போனாள். காலையில் முன்னைவிட ஈரம். அடுத்து உள்பக்கமும் மெழுகு. ஈரம் இன்னும் கூடிற்று. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மறுநாள் விடிந்ததும் கடைசிக் கூட்டம் சுனைக்குக் கிளம்புகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. குருவிடம் போய் நின்றார்.

"தாயே, ஊரிலே எத்தனையோ பேரை நனையாமக் காப்பாத்தினவன் நான். எனக்குன்னு தச்சது ஒழுகுது. தண்ணி எந்த வழியா உள்ள வருதுன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும்."

அமுதவல்லியம்மை ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு பாறைக்கு வந்தாள்.

"உள்ள போய் உட்காருங்க ஐயா. நாடாவை எல்லாம் கட்டிக்கோங்க."

கட்டிக்கொண்டார். அவள் பக்கத்து ஓடையிலிருந்து மொண்டு மொண்டு வந்து கூடாரத்தின் மேல் ஊற்றினாள். உச்சியில் ஊற்றினாள், மூட்டுகளில் ஊற்றினாள், வாசலில் ஊற்றினாள். ஊற்றி ஓய்ந்து பாறையிலேயே உட்கார்ந்துகொண்டாள். நெடுநேரம் காத்திருந்தாள். மேகம் வந்து இரண்டு பேரையும் மூடிற்று.

"ஐயா, ஒரு சொட்டாவது உள்ள விழுந்துச்சா?"

"விழலை தாயே."

"கித்தானை உள்பக்கம் தொட்டுப் பாருங்க."

தொட்டார். விரலெல்லாம் நனைந்தது.

அவர் கொஞ்ச நேரம் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கித்தானுக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய் ஊதிப் பார்த்தார். மெழுகின் மேல் முத்து முத்தாய் நீர் பூத்து, ஒன்றோடொன்று சேர்ந்து, வழிந்து அவர் மடியிலேயே விழுந்தது.

"என் மூச்சுதானா தாயே" என்றார் உள்ளிருந்தபடி.

"உங்க மூச்சுதான்."

"இத்தனை நாளும் நானே என்னை நனைச்சுக்கிட்டேனா?"



நாடாக்களை அவிழ்த்துத் தலையை வெளியே நீட்டினார். கண் சிவந்திருந்தது.

"அவ தினம் ராத்திரி கனவுல வர்றா தாயே. கூடாரத்தைச் சுத்தி நடக்கிறா. உள்ள வர வழி தெரியாம நிக்கிறா. எனக்கு நெஞ்சு வெடிச்சிரும்போல இருக்கு."

"நீங்க கூப்பிட்டீங்களா?"

"எப்படிக் கூப்பிடுறது?"

"பேர் சொல்லித்தான்."

தாண்டவராயன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க வழக்கத்துல கட்டினவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். 'இந்தா'ம்பேன், 'ஏய்'ம்பேன். அவளும் அதுக்கே ஓடி வருவா. போன பிறகு சொல்லலாம்னா, வாயைத் திறந்தா எங்க அழுதுருவேனோன்னு பயம். எரிக்கிற அன்னைக்குக்கூட நான் அழலை. ஆம்பளை, கல்லு மாதிரி நிக்கிறான்னு ஊரே சொல்லுச்சு."

மேகம் விலகிப் பாறையில் லேசாக வெயில் விழுந்தது. அமுதவல்லியம்மை இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து அவர் பக்கம் நீட்டினாள்.

"உச்சிக்குக் கீழ ஒரு வாய் வெட்டுங்க ஐயா. மழை நேரா இறங்காம மேல ஒரு மடிப்புத் தச்சுக்கலாம். இன்னைக்கு ராத்திரிக்குத் தாங்கும்."

அவர் கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

"ஆயுசுக்கும் ஓட்டையை அடைச்சவன் தாயே நான். வெட்டினதே இல்லை. குளிர் வருமே?"

"வரும்."

"சாரல்?"

"அதுவும் கொஞ்சம் வரும்."

கித்தானைப் பிடித்தார், விட்டார். மறுபடி பிடித்தார்.

"எவ்வளவு பெருசா வெட்டணும்?"

"நீங்க உள்ள இருந்து அவங்க பேரைச் சொன்னா, வெளியே கேட்கணும்" என்றாள் அமுதவல்லியம்மை.